மியூனிக்குக்குள் மட்டும் சறுக்கலாம்

மின்மடல் குழுவினருக்கு ஒரு நற்செய்தி. சொந்தமாகப் பனிச்சறுக்குப் பழக்குவதற்கான அனுமதி இன்று என் கைக்கு வந்துவிட்டது.

வெளிநாட்டவர் அலுவலகத்து அம்மையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டார்: "உங்கள் நாட்டில் பனி விழுமா?"

"விழாது. மியூனிக்கில் கடலும் இல்லை. ஆனால் நீச்சல் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள்தானே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் முத்திரை விழுந்தது.

துணைக்கு வந்து வாசலில் நின்ற ஜேசு அண்ணை எந்தத் தாளையும் கடைசி வரியிலிருந்துதான் வாசிப்பார்.

"தம்பி, மியூனிக் நகர எல்லைக்குள்ளை மட்டும் எண்டெல்லோ அடிச்சிருக்கு. இஞ்சை எங்கையடா மலை கிடக்கு?"

திரும்ப உள்ளே ஓடினேன். அகதி விசாக்காரன் நகரத்தைத் தாண்டக் கூடாதாம், ஆகவே அவன் தொழிலும் தாண்டக் கூடாதாம். பனிச்சறுக்குப் பழக்குநர் சோதனை எடுக்க மட்டும் என்னை மலைக்குப் போக விட்டவர்கள் இவர்களேதான்.

மலையில் பழக்க வேறு விண்ணப்பம் வேண்டும். அதற்கு டெர்மின், அதாவது வந்து சந்திக்க நாள், தந்திருக்கிறார்கள், மே மாதத்தில். அதுவரை உருகாமல் இருக்கச் சொல்லிப் பனிக்கும் அறிவித்துவிட்டார்களோ தெரியாது.

நகருக்குள் சரிவான இடம் தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள். ரயில் நிலையத்து நகரும் படிக்கட்டு என்றாலும் சம்மதம். மலையில் போல மேலே ஏற லிஃப்டும் தேவையில்லை.