ஆர்டிஸ் சொன்ன வேண்டாம்

நாற்காலி மேல் ஏறி நின்று, சுவர்க் கடிகாரத்தை ஏழு நிமிடம் பின்னுக்குத் திருகிக்கொண்டிருந்தாள் ஆர்டிஸ் ஹேகன். பாடப் பதிவு நடக்கும் வாரத்தில் தினமும் காலை எட்டு மணிக்கு இந்த வேலை உண்டு. சாயங்காலம் துப்புரவுக்காரர் வந்து முள்ளைச் சரிசெய்துவிட்டுப் போவார். காலையில் இவள் வந்து கெடுப்பாள். பதினாலு வருஷமாக இது நடக்கிறது. இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பதிவுப் படிவம் சாயங்காலம் நாலரைக்குள் வந்தாக வேண்டும் என்பது கல்லூரி விதி. நாலு முப்பத்தைந்துக்குப் பனிக் காலணியோடு மாடிப்படி அதிர ஓடிவருகிற பயலிடம், "மெதுவா, மெதுவா. பாரு, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்பாள். பொய் சொல்ல மாட்டாள். கடிகாரம் சொல்கிறது, இவள் படிக்கிறாள், அவ்வளவுதான்.

செங்கல் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் மூன்று துறைகள். மதம், தத்துவம், நார்வே மொழி. முப்பத்தொரு வருஷமாக மூன்றுக்கும் செயலாளர் இவள் ஒருத்திதான். மதத்துறையில் எப்போதும் நெரிசல். லுத்தரன் திருச்சபைக் கல்லூரி, மதப் பாடம் இரண்டு எடுக்காதவனுக்குப் பட்டம் கிடையாது. ஃபுட்பால் ஆடும் தடியன்கூட பைபிளின் ஆமோஸையும் ஓசியாவையும் படித்துத் தொலைக்க வேண்டும். தத்துவத்துக்கு ஒன்பது பேர். நார்வே மொழிக்கு ஆறு பேர். அதில் மூவர், நார்வேயிலிருந்து குடியேறிய பாட்டன் அங்கே விட்டுவந்த பண்ணையின் பெயரைச் சரியாக உச்சரிக்க வந்தவர்கள். இரண்டு பேர் காதலர்கள். ஒருத்தி மட்டும் படிக்க வந்தவள்.

ஆர்டிஸுக்கு வயது அறுபத்தொன்று. தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்வாள், அது பார்த்தாலே தெரியும். கம்பளிச் சட்டையின் இடது கைக்குள் ஒரு காகிதக் கைக்குட்டை. அவள் மூக்குக்கு அல்ல, அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு. பத்து மணிக்குக் கல்லூரி ஆலய மணி அடித்தால் பேனாவை வைத்துவிட்டுக் கீழே போவாள். பின்னாலிருந்து நாலாவது பெஞ்சு, இடது ஓரம். ஞானப்பாட்டில் இரண்டாம் குரல் பாடுவாள். பாடிக்கொண்டே எந்தெந்தத் தலை இல்லை என்று எண்ணிவிடுவாள். திரும்பி வந்ததும் மாணவர்களின் கடிதப் பெட்டிகளைப் பார்ப்பாள். மூன்று நாள் எடுக்காத கடிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி போகும்.

"பெட்டி நெறஞ்சுதுன்னா புள்ள காலியாயிட்டு வருதுன்னு அர்த்தம்" என்பாள்.

அரிசோனாவிலிருந்து வந்த டானர் வாஸ் என்ற முதலாண்டு மாணவனை அப்படித்தான் பிடித்தாள். ஆறடி நாலங்குலம். பனியையே பார்க்காத பையன்.

"டானர், சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

டானர் காலணியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினான்.

"அதானே. ரெண்டாவது டிராயர்ல வாழைப்பழ ரொட்டி இருக்கு. நீ எடுக்கல, நான் பாக்கல. போ."

கொடுப்பதில் இவ்வளவு கெட்டிக்காரி, வாங்குவதில் இந்த ஊர்க்காரி. இந்த ஊரில் ஒருவர் காப்பியை நீட்டினால் முதல் தரம் வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தரமும் வேண்டாம்தான், குரலைச் சற்று இறக்கி. மூன்றாம் தரம் கேட்டால், "சரி, உங்களுக்குச் சிரமம் இல்லன்னா அரைக் கோப்பை" என்று முழுக் கோப்பையையும் வாங்கிக்கொள்ளலாம். முதல் தரமே கை நீட்டுகிறவன் ஒன்று குழந்தை, இல்லையென்றால் வெளியூர்.

கொலீன் டிரிஸ்கல் வெளியூர். ஆகஸ்டில் நியூஜெர்சியிலிருந்து டீனாக வந்தவர். மேல்கோட்டுப் பொத்தானைப் போடாமலே நடப்பவர். மூன்று துறையையும் சேர்த்து ஒன்றாக்கும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. டிசம்பரோடு பழைய செயலாளர் வேலை முடிகிறது. புதுத் துறைக்குப் புது நியமனம். திங்கட்கிழமை காலை படியேறி வந்து, நின்றபடியே கேட்டார்.

"இந்தப் புது வேலைய நீங்களே பாத்துக்கிறீங்களா, ஆர்டிஸ்?"

"ஐயோ, எனக்கெதுக்குங்க? சின்ன வயசுல யாராச்சும் கெடைப்பாங்க."

இரண்டாவது மறுப்பு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குப் பின்னால், "சரி, உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்னா" என்பதும் தயாராக இருந்தது.

"ஓ" என்றார் டீன். "ஒளிவுமறைவில்லாம சொன்னதுக்கு ரொம்ப நன்றி." குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் படிக்கட்டுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஏறி வந்தவர்கள் எல்லாரும் மாணவர்கள். புதன்கிழமை டீனிடமிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வேலை அறிவிப்பு போகிறது. நீங்கள் பார்க்கும் வேலைகளை எழுதித் தந்தால் உதவியாக இருக்கும்.

ஆர்டிஸ் எழுதினாள். தொலைபேசி எடுப்பது. தாள்களை அடுக்குவது. மாணவர்களுக்கு அவ்வப்போது உதவுவது. படித்துப் பார்த்தாள். மூன்றாவது வரி கொஞ்சம் பெருமையடிப்பதுபோல் இருந்தது. அதை அடித்துவிட்டு அனுப்பினாள்.

வியாழக்கிழமை ஆலயம் முடிந்து வெளியே வந்தபோது விஷயம் தத்துவப் பேராசிரியர் வெர்லின் பிரெக்கெ காதுக்கு எட்டியது. இருபத்தாறு வருஷமாக இவளுக்கு எதிர் அறை.

"உனக்கென்ன பைத்தியமா? போய் வேணும்னு சொல்லு."

"கேக்காம எப்படிச் சொல்றது?"

"கேட்டாளே!"

"ஒரு தடவதான் கேட்டா. அது கேட்ட கணக்கா?"

வெர்லினுக்கும் அது கேட்ட கணக்கில்லை என்று தெரியும். அவரும் இந்த மண்தான். "நான் ஜாடையா சொல்லிப் பாக்குறேன்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். அரைமணியில் திரும்பினார். காதெல்லாம் சிவந்திருந்தது. குளிரால் என்று சொல்லலாம்.

"என்ன சொன்ன?"

"மூணாவது மாடி இனிமே ரொம்ப அமைதியாயிடும்னு சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"அமைதியா இருந்தா படிப்புக்கு நல்லதுதானேன்னா."

"அவ்வளவுதானா?"

"இல்ல, அழுத்திச் சொன்னேன். 'சில நாற்காலி பழகிப்போச்சு'ன்னேன். புது நாற்காலி வேணும்னா விண்ணப்பம் குடுங்கன்னுட்டா."

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. சாயங்காலம் டீனிடமிருந்து இன்னொரு கடிதம். ஆர்டிஸின் பட்டியல் மிகவும் பயன்பட்டதாம். இரண்டு வரி வேலைக்கு முழுநேர ஆள் அவசியமில்லை என்று தோன்றுகிறதாம். படிக்கிற பிள்ளைகளில் ஒருவரை வாரம் பத்து மணி நேரம் வைத்துக்கொண்டால் போதுமாம். அறிவிப்பை அப்படியே மாற்றிவிட்டாராம். அதாவது, இவள் இல்லை என்பது மட்டுமில்லை. இந்த மேஜையில் இனி யாருமே இல்லை.

வீட்டில் கணவன் டுவேன். பனி வண்டிகளைப் பழுதுபார்ப்பவன். ஒரு நாளைக்குப் பதினோரு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டான். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெந்த சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு ஆர்டிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மென்று முடித்தான்.

"சொல்லிடு" என்றான்.

"எப்படிடா சொல்றது?"

அன்றைய கணக்கு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. எழுந்து போய்த் தட்டைக் கழுவினான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்து மூன்றாவது மாடி வராந்தா முழுக்கப் பிள்ளைகள். பதிவுக்குக் கடைசி நாள். ஒருத்திக்குக் கையெழுத்துப் போட வேண்டிய பேராசிரியர் பல் மருத்துவரிடம் போயிருந்தார்; ஆர்டிஸ் அந்தப் பல் மருத்துவரின் எண்ணை மனப்பாடமாக அழுத்தினாள். இன்னொருவன் ஒரே நேரத்தில் இரண்டு பாடம் எடுத்திருந்தான். "ரெண்டு எடத்துலயும் இருக்கணும்னா நீ கர்த்தராத்தான் இருக்கணும்" என்று ஒன்றை அடித்துக் கொடுத்தாள். வரிசையின் கடைசியில் டானர்.

"ஆர்டிஸ், அடுத்த செமஸ்டர் இங்க நீங்க இல்லையாமே? நெசமாவா?"

"யாராச்சும் இருப்பாங்க கண்ணு."

"வாரத்துக்குப் பத்து மணி நேரம் எவனோ ஒரு பையனாம். எங்கிட்டயே கேட்டாங்க, நீ செய்றியான்னு."

ஆர்டிஸின் பேனா நின்றது. "நீ என்ன சொன்ன?"

"எனக்கே ஒரு ஆர்டிஸ் வேணும், நான் எங்க போறதுன்னேன்."

அவள் கைக்குட்டையைச் சட்டைக் கையிலிருந்து உருவினாள். அதை வைத்துக்கொண்டு மேஜையைத் துடைத்தாள். மேஜையில் தூசி இல்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் டீன் படியேறி வந்தார். கையில் ஒற்றைத் தாள். வரிசையைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு டானரைச் சுற்றிக்கொண்டு வந்து தாளை மேஜைமேல் வைத்தார்.

"அறிவிப்பு. கீழ போகுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க. உங்க கண்ணுக்குத் தப்பாது."

ஆர்டிஸ் கண்ணாடியை மாட்டினாள். படித்தாள். பகுதிநேரம், மாணவர் ஒருவர், தொலைபேசி, தாள்கள். ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்தினாள். எதிர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது; உள்ளே வெர்லின் ஒரு பக்கத்தைப் புரட்டாமலே வெகுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்றார் டீன்.

"அவ்வளவுதாங்க."

டீன் தாளின் மேல் நுனியைப் பிடித்தார். பிடித்தபடி ஒருமுறை வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு இதுல வருத்தம் ஒண்ணும் இல்லையே, ஆர்டிஸ்? நெசமாவே இந்த வேல உங்களுக்கு வேண்டாமா?"

ஆர்டிஸுக்கு 'வேணும்' என்று வாய்வரை வந்தது. அறுபத்தொரு வருஷப் பழக்கம் அதை முந்திக்கொண்டது.

"சேச்சே, வேண்டாங்க" என்றாள், குரலைச் சற்று இறக்கி. "எனக்கெதுக்கு?" இது இரண்டாவது வேண்டாம்தான்; மூன்றாம் தரம் இன்னும் பாக்கி இருந்தது.

டீன் தலையாட்டிவிட்டுத் தாளை இழுத்தார். தாள் வரவில்லை. அதன் கீழ் நுனியை ஆர்டிஸின் ஐந்து விரல்களும் மேஜையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தன. நகங்கள் வெளுத்திருந்தன. டீன் இன்னொரு முறை இழுத்தார்.