கூடத்தைச் சுற்றிவந்த பாலாடை

பாலாடையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற அந்தச் சின்ன வெள்ளிக் கிண்ணி ஒரு பாவமும் அறியாதது. ஆனால் அது ஒருநாள் என் பாலைச் சுமந்துகொண்டு கூடம் முழுக்கச் சுற்றி வந்தது.

செஞ்சியில் பிரசவம் முடிந்து மூன்றாம் நாள் சிங்கவரத்திலுள்ள மாமியார் வீட்டுக்கு வந்தேன். எனக்கு அம்மா இல்லை. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டிய கையோடு, “பால் இருக்குதா?” என்றார்கள். கேட்டதோடு விட்டிருக்கலாம். முந்தானையை விலக்கினார்கள். வெற்றிலைக் கறை விரலால் அழுத்திப் பார்த்தார்கள். கத்தரிக்காய் வாங்குகிறவர்கள்கூட கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அழுத்துவார்கள்.

ஆறாம் நாள், மாமியாரின் அக்கா பாலாடையோடு வந்து உட்கார்ந்தார். எனக்குப் பெரியத்தை முறை.

“பிழிஞ்சி காட்டுடி. எவ்ளோ வருதுன்னு தெரிஞ்சிடும்.”

பத்துப் பேர் நடுவில் அவரே பிழிந்தார். விழுந்தது நாலு சொட்டு. பாலாடை கைமாறிக் கைமாறிப் போனது. ஒருத்தி விரலைத் தோய்த்து நக்கி, “தண்ணியாட்டம் கீது” என்றாள். எச்சில் விரலை என் புடவையிலேயே துடைத்தாள். சீ!

“டீசல் தீந்த வண்டிய எவ்ளோ நேரம்தான் ஸ்டார்ட் பண்றது?” என்றது இன்னொரு குரல். ஜனங்கள் பேசுகிற பேச்சென்றால் எனக்கு உயிர். பஸ்ஸில் காதில் விழுந்ததைக்கூட வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டேன்.

“நாளிக்கு ஒருநாள் பாப்போம். இல்லன்னா டப்பாவத் தொறந்துட வேண்டியதுதான்” என்று பெரியத்தை முடித்துவிட்டார். பால்பவுடர் டப்பா டிவி பக்கத்தில் தயாராக நின்றது. பிள்ளையோ மெலிந்துகொண்டே போனான். எழுதக் கூச்சமாக இருக்கிறது: அவன் வாய் நெருங்கினாலே எனக்கு உடம்பு கூசியது. அத்தனை விரல்கள் பட்ட இடம். என் மேல் எனக்கே அருவருப்பு.

மறுநாள் காலையில் ஊர் நர்சம்மா வந்தார். பிள்ளையை எடை பார்த்தார். காதுவரை ஏறியிருந்த என் தோளையும் பார்த்தார்.

“கொறஞ்சிதான் இருக்குது. ரெண்டு நாள்ல திரும்ப வந்து பாக்கறேன். உனக்குப் பால் இல்லாம இல்லம்மா, இவ்ளோ டென்ஷன்ல எறங்காது. கதவ சாத்திட்டு சாஞ்சிக்க. தோள தொங்க வுடு. மூச்ச மெதுவா வுடு. புள்ளைய துணியில்லாம மார்ல போட்டுக்க. உள்ள ஒருத்தரும் வரக்கூடாது.”

பெரியத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மூச்சு வுட்டா பால் வருமா? நாங்கல்லாம் களை எடுத்துக்கினே குடுத்தோம்.”

அந்த நேரம் பின்கட்டில் மாடு கறந்துகொண்டிருந்த மாமியார் யாரையோ விரட்டினார்: “யாரு அங்க? அப்பால போ! ஆளப் பாத்தா பால அடக்கிக்குவா!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாகக் கத்தினேன். “அத்தை, அந்த மரியாதை மாட்டுக்கு மட்டுந்தானா?”

கறவைச் சத்தம் நின்றது. மாமியார் சொம்போடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். “அக்கா, எல்லாரையும் இட்டுக்கினு வெளிய வா” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். வாசற்படியிலேயே உட்கார்ந்தும் கொண்டார்.

மெதுவாக மூச்சு விட்டேன். முதலில் வந்தது பூண்டு ஏப்பம்தான். பால் ஊற வேண்டுமென்று அத்தனை பூண்டு தின்ன வைத்திருந்தார்கள். பிள்ளை வெறும் மார்பில் சுடச்சுடக் கிடந்தான். தலையில் தேங்காயெண்ணெய் வாசனை. ஒரு வாரத்தில் அன்றைக்குத்தான் அவனை முகர்ந்தேன். தோள் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. அவனாகவே தேடிக் கவ்வினான். சுருக்கென்று ஊசி குத்துவது போலிருந்தது. அப்புறம் அவன் தொண்டையில் மடக் மடக்கென்று சத்தம்.

வெளியே பெரியத்தை, “எட்டிப் பாக்கட்டாடி?” என்றார்.

“கதவத் தொட்டா கைய ஒடிப்பேன்” என்றார் மாமியார்.

இரண்டு நாள் கழித்து நர்சம்மாவின் தராசில் முள் ஏறியிருந்தது. டப்பா பிரிக்காமலே கடைக்குத் திரும்பியது. மாமியார் பாலாடையை விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்து, மருந்து ஊற்றச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் கை நீட்டவில்லை.

“ஸ்பூன்லயே குடுத்துக்கறேன் அத்தை.”