முத்துராணிக்காகப் பட்டை மாற்றிய ஜீப்

ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே, கடனா அணைக்குப் போகும் வழியில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் தொண்ணூற்று மூன்றில் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். ஊருக்கே ஒரு ஜீப்தான். அது பலவேசத்தினுடையது. வாழைத்தார், உரமூட்டை, கல்யாண வீட்டு ஆட்கள், பிரசவ வலி கண்ட பெண்கள், எல்லாம் அதில்தான் போகவேண்டும். பலவேசம் குட்டையான ஆள், பெரிய பிடிவாதக்காரன். எடுத்த வேலையைப் பாதியில் விடமாட்டான், அது தப்பான வேலையாக இருந்தாலும்.

அந்த வருஷம் ஐப்பசியில் அவன் மனைவி முத்துராணிக்கு முதுகெலும்பில் காசநோய் என்று தெரிந்தது. இரண்டு காலும் மரத்து, நடை நின்றுவிட்டது. பாளையங்கோட்டை டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். படுக்கையிலேயே இருக்கவேண்டும், மாதாமாதம் கொண்டுவந்து காட்டவேண்டும், வழியில் குலுங்கினால் காலில் மிச்சமிருக்கும் உணர்ச்சியும் போய்விடலாம் என்றார். மாத்திரை கொடுப்பதையும் முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதையும் நான் ஏற்றுக்கொண்டேன். குலுங்காமல் கொண்டுபோவது தன் பாடு என்று பலவேசம் சொன்னான்.

சொல்வது சுலபம். ஊரிலிருந்து தார்ச்சாலை வரைக்கும் உருண்டைக்கல் பாதை, நடுவில் ஓர் ஓடை. முதல்முறை அவளைக் கட்டிலோடு ஆட்கள் சுமந்துதான் சாலையில் சேர்த்தார்கள். மாதாமாதம் அப்படிச் சுமக்க யார் வருவார்கள்?

ஜீப்பில் ஒரு கோளாறு இருந்தது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்த் தங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அண்டா, விறகு, அரிசி, கிடா என்று எல்லாம் வண்டியில் ஏறும். அந்தப் பாரத்துக்கு வண்டி தாழ்ந்துவிடாமல் இருக்க, சக்கர அச்சின் மேல் வில்லாக வளைத்து அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டைகளோடு தடித்த பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். திருவிழா முடிந்ததும் கழற்றிவிடவேண்டும். பலவேசம் கழற்றவே இல்லை. வண்டி உயரமாக நிற்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

முத்துராணியை ஏற்றுமுன் நான் ஏறிப் படுத்துப் பார்த்தேன். ஓடை வருவதற்குள் பலமுறை தரையை விட்டு எழும்பி விழுந்தேன். இதில் பிணத்தைக்கூட ஏற்றமாட்டேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

அன்றே அவன் அம்பாசமுத்திரத்தில் பட்டை கட்டும் நூகு பாயிடம் போனான். தடித்த பட்டையைக் கழற்றினார்கள். இவன் அதோடு விடாமல், வேண்டாமென்று பாய் சொல்லியும் கேளாமல், இன்னொன்றையும் கழற்றச் சொன்னான். பட்டை குறைந்தால் மெத்தைபோல் இருக்கும் என்பது அவன் கணக்கு.

இந்த முறை நான் படுக்கவில்லை. எனாமல் தட்டில் தண்ணீர் ஊற்றி வண்டித் தரையில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பாதையில் கொஞ்சதூரம் நன்றாகத்தான் இருந்தது. ஓடையில் இறங்கியதும் அச்சு மேலே போய் வண்டியின் இரும்புச் சட்டத்தில் டங்கென்று இடித்தது. தட்டு கவிழ்ந்தது. வண்டியின் அடிப்பாகம் பாறையில் உட்கார்ந்துவிட்டது. ஊரார் வந்து தள்ளி எடுத்தார்கள்.

அடுத்த நடை நானும் பட்டறைக்குப் போனேன். நூகு பாய் வண்டிக்கு அடியிலிருந்தே பேசினார்.

“பட்டை பணியணும்னா அது பணியுததுக்கு எடம் வேணும்லா வே? எடமில்லன்னா இரும்புல இரும்பு இடிக்கத்தான் செய்யும்.”

அப்படியானால் வண்டியை நன்றாகத் தூக்கிவிடுங்கள் என்றான் பலவேசம். அளவுக்கு மீறித் தூக்கினால் வளைவில் சாயும், படுத்திருப்பவள் உருளுவாள் என்று பாய் மறுத்துவிட்டார். கடைசியில் தடித்த பட்டைக்குப் பதில் மெல்லிய பட்டைகளைச் சேர்த்து, வளைவைக் கூட்டி அடித்துக்கொடுத்தார். ஓடைப் பாறை தட்டாத உயரம், அதற்குமேல் இல்லை.

திரும்பும்போது தட்டுத் தண்ணீரில் பாதி சிந்தியது. மறுநாள் மறுபடியும் பார்ப்போம் என்று தட்டோடு தார்ச்சாலை வரை போனோம். அன்று ஆழ்வார்குறிச்சியில் சந்தை. திரும்பி வரும்போது சாலையில் நின்ற எங்கள் ஊர் ஆட்கள் மூட்டையோடு ஏறி, வண்டி நிறைந்துவிட்டது. வீடு வந்து இறங்கியபோது தட்டில் தண்ணீர் அப்படியே இருந்தது. பாரம் ஏறினால்தான் பட்டை பணிகிறது.

“இனி முத்துராணி தனியாப் போகவேண்டாம்” என்றேன் அவனிடம். “ஊரையும் ஏத்திக்கிட்டுப் போவோம்.”

மாதாமாதம் அப்படித்தான் போனோம். நடுவில் தேங்காய்நார் மெத்தையில் முத்துராணி, இரண்டு பெஞ்சிலும் எடைக்கு ஆட்கள். பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் கனத்த உடம்புக்காரி. ஒருமுறைகூட அவள் தவறவில்லை. “என் சதைக்கு இப்பத்தான் ஒரு மரியாதை வந்திருக்கு” என்பாள். படுத்தபடியே முத்துராணி சிரிப்பாள். சிரிக்காதே, குலுங்குகிறது என்று நான் அதட்டவேண்டியிருந்தது.

அடுத்த ஆடி வந்தது. தடித்த பட்டையை மாட்டச் சொல்லி ஊரில் கேட்டார்கள். பலவேசம் மாட்டமாட்டேன் என்றான். ஒரு தடவை மாட்டிவிட்டுக் கழற்றினால் என்ன என்றார்கள். நடுவில் அவளுக்கு ஏதாவது ஆகி ஓடவேண்டி வந்தால் என்ன செய்வது என்று கேட்டான். டீக்கடையில் ஊர்ப் பெரியவர் முத்துமாலை எல்லார் முன்னாலும் குத்திக் கேட்டார்.

“ஐயனாருக்கு இல்லாத வண்டி பொண்டாட்டிக்கா வே?”

“ஐயனார்ட்ட நீங்க நடந்து போலாம் அண்ணாச்சி. அவளால நடக்க முடியாதுலா” என்றான் பலவேசம்.

அந்த வருஷம் ஊரார் வெளியூர் லாரி பேசிப் போனார்கள். சிலர் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எடைக்கு வருவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் நான் ஊசியால் தொட்டபோது முத்துராணி கால் பெருவிரலை இழுத்துக்கொண்டாள். தை மாதம் சுவரைப் பிடித்து நின்றாள். சித்திரையில் கோலூன்றி என் துணை சுகாதார நிலையம் வரை நடந்து வந்தாள். மாத்திரையைத் தானே வந்து வாங்கிக்கொண்டாள்.

அதற்கடுத்த ஆடி பிறந்ததும் பலவேசம் நேரே நூகு பாயிடம் போய்த் தடித்த பட்டையை மாட்டிவந்தான். அமாவாசைக்கு முதல்நாள் அண்டாவும் கிடாவும் ஏறின. முத்துமாலை ஏறினார், நானும் ஏறினேன். முத்துராணி கம்பியைப் பிடித்துத் தானே ஏறிப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உருண்டைக்கல் பாதையில் வண்டி எங்களைத் தூக்கிப் போட்டது.

“என்ன, இப்படித் தூக்கிப் போடுது?” என்றாள் அவள்.

பலவேசம் திரும்பிப் பார்க்கவில்லை. “உக்காந்துதான வார? கம்பியப் பிடிச்சுக்கோ.”