அஞ்சு வீட்டுச் சைக்கிள்

மலரு, போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாயே, அது ஏதோ ஒரு மலை ஊர். அங்கே எங்கே சாப்பிடலாம், எங்கே சாமான் வாங்கலாம், எந்தப் பாதையில் மலை ஏறலாம், சைக்கிள் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று யாரோ பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். படித்து முடித்து, "நம்ம ஊர்ல இதுல ஒண்ணுகூட இல்லல்லப்பா?" என்றாய். உன் அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏன் இல்ல, பிளாக்குக்குப் பின்னாடி குப்பை மேடு கீதே, அதுல ஏறு" என்றான். ரெண்டு பேரும் சிரித்தீர்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. "காரம் ஜாஸ்தியா?" என்று உங்க அம்மா கேட்டாள். காரம் இல்லை, கோபம். உங்கள் மேல் இல்லை. நீங்கள் பிறந்தது இந்த பிளாக்கில். நம்ம ஊர் என்றால் உங்களுக்கு இந்தப் படிக்கட்டும், தண்ணி லாரியும், ஒரு மணி நேரம் நின்றாலும் வராத பஸ்ஸும்தான். உங்களை அப்படி நினைக்க வைத்தவர்கள் மேல்தான் கோபம். நம்ம ஊர் சைதாப்பேட்டை ஆத்தங்கரை. அதற்குப் பக்கத்தில் மலை இருந்தது. ஒன்று இல்லை, ரெண்டு. நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன், என்னை யாரும் எழுதச் சொல்லமாட்டார்கள். யாரும் சொல்லாமலே எழுதுகிறேன்.

முதலில் சாப்பாடு. சைதாப்பேட்டை பஜாரில் காலையில் இட்லியும் வடகறியும். சோம்பு வாசனை பாலத்துக்குக் கீழே எங்கள் வீடு வரைக்கும் வரும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆத்து நாற்றத்தையும் மீறி வரும். மூன்றாவது வீட்டுப் பாண்டு மாமா, பெயின்டர், "நேத்து விக்காத வடையத்தான்டா உதிர்த்துப் போடுறான்" என்பார். சொல்லிக்கொண்டே இன்னொரு கிண்ணம் வாங்குவார். இன்றைக்கும் சோம்பு வாசனை வந்தால் எனக்குப் பசி வருவதில்லை, பெயின்ட் ஞாபகம் வருகிறது. பாண்டு மாமா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதால் வந்த கோளாறு.

பெயின்ட் என்றதும் அந்தச் சைக்கிள். எந்த வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாலும் டப்பாவின் அடியில் மிஞ்சியதைக் கொண்டுவந்து அதில் பூசிவிடுவார். மட்கார்டு ஆழ்வார்பேட்டை பங்களா ஒன்றின் கேட்டுப் பச்சை. ஹேண்டில்பார் அடையாறு டாக்டர் வீட்டு ஜன்னல் நீலம். நடுக்கம்பி ஏதோ ஒரு கல்யாண மண்டபத்து ரோஸ். அதில் போனால் சிக்னலில் போலீஸ்காரரே சிரிப்பார்.

அந்தச் சைக்கிளுக்குச் சொந்தக்காரர் கிடையாது. எங்கள் வரிசையில் அஞ்சு வீடு: எங்க வீடு, தையல் மிஷின் ரஹீம் பாய் வீடு, பாண்டு மாமா வீடு, பூக்கட்டும் மேரியக்கா வீடு, இஸ்திரிக்காரர் வீடு. அஞ்சு வீட்டுக்கும் சேர்த்து அந்த ஒரு வண்டி. குழாயடியில் நிற்கும், பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரே ஒரு சட்டம். எடுக்கிறவர் அஞ்சு கதவையும் தட்டி, "கடைக்குப் போறேன், இன்னா வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் பெடலில் கால் வைக்கவேண்டும். பீச்சில் காத்து வாங்கப் போனாலும் கேட்கவேண்டும். கேட்காமல் எடுத்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு அவர் வீட்டுக்கு யாரும் எதுவும் வாங்கித் தரமாட்டார்கள்.

இந்தச் சட்டத்தால் நான் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. (இந்தப் பத்தியை உங்க அம்மாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.) ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பவுடர் போட்டு, தலை வாரி, பெசன்ட் நகர் பீச்சுக்குக் கிளம்பினேன். அங்கே ஒருத்தியைப் பார்க்கவேண்டியிருந்தது. மேரியக்கா கதவைத் தட்டினேன்.

"இன்னாடா, மூஞ்சில மாவு கொட்டிகினு எங்க கெளம்பிட்ட?"

"சும்மா, பீச்சுக்குக்கா."

"சும்மா போறவனுக்கு இவ்ளோ பவுடரா? இந்தா, மயிலாப்பூர்ல பூவ குடுத்துட்டு அப்டியே பொண்ணு பாக்கப் போ."

பாண்டு மாமா பக்கத்து வீட்டுக்குள்ளேயிருந்து, "எனக்கு நெத்திலி" என்றார்.

முதலில் மயிலாப்பூர். குளத்தைச் சுற்றி வந்து மாட வீதிக்குப் பின்னால் ஒரு வீடு. அந்த வீட்டு மாமி வாசலிலேயே காத்திருப்பார். "ஏண்டா, கோலத்து மேல சைக்கிளை ஏத்திண்டு வரயே, கண்ணு அவிஞ்சு போச்சா? ஆத்துல விளக்கேத்தற நேரம் தெரியாதா நோக்கு?" வாய் அப்படி, ஆனால் அடுத்த நிமிஷமே மேரியக்காவின் முழங்கால் வலியை விசாரிப்பார். பூ உள்ளே போகும். நாங்கள் யாரும் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும், பழைய காலம் எல்லாமே தேன் என்று நான் சொல்லவரவில்லை. அந்தத் தெருமுனையில் ரோஸ் மில்க் குடித்துவிட்டு பீச்சுக்குப் போய், மீனையும் வாங்கி, ஹேண்டில்பாரில் சொட்டச் சொட்ட நெத்திலிப் பையோடு அவள் முன்னால் நின்றேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள்தான்.

கடை என்றால் தி.நகர். ரஹீம் பாய்க்கு ரங்கநாதன் தெருவில் ஒரு பட்டன் கடை. கடை என்றுகூடச் சொல்ல முடியாது, ரெண்டு சுவருக்கு நடுவே ஒரு சந்து, கண்ணாடி பாட்டில் பாட்டிலாகப் பட்டன். நான் எப்போதும் தப்பாகத்தான் வாங்கி வருவேன். "நாலு ஓட்டை கேட்டா ரெண்டு ஓட்டை வாங்கினு வந்துகீற. லேத்துல இஞ்ச் பாக்குறவனுக்கு ஓட்டை எண்ணத் தெரியலயா நைனா?" என்பார் பாய். அவர் திட்டுவதே தாலாட்டு மாதிரி இருக்கும். அவர் வீட்டுச் சுவரும் எங்க வீட்டுச் சுவரும் ஒன்று. மிஷின் சத்தம் நின்றால் நாங்கள் விழித்துக்கொள்வோம்.

பொங்கலுக்குப் பாண்டி பஜார் நடைபாதையில் ஒரே துணியில் மொத்தமாக வெட்டி வாங்கி, அஞ்சு வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாய்தான் தைப்பார். எல்லாருக்கும் ஒரே கட்டம் போட்ட துணி. இப்போது அந்த நடைபாதையில் கிரானைட் போட்டு, உட்கார பெஞ்ச் வைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. நம்மால் வாங்க முடிகிற பொருளை விற்றவர்களை மட்டும் காணோம்.

இப்போது மலை. சின்னமலை என்றால் உங்களுக்கு மெட்ரோ ஸ்டேஷன். எங்களுக்கு அது ஓடிப்போய் ஏறி இறங்கிவிட்டு வரும் பாறை. பெரிய மலை பரங்கிமலை. காணும் பொங்கலன்று ஊரெல்லாம் மெரினாவுக்குப் போகும், எங்கள் அஞ்சு வீடும் பரங்கிமலைக்குப் போகும். ஏன் என்று கேட்டால் மேரியக்கா, "பீச்சுல புள்ள தொலையும், மலைல எங்க தொலையும்? கீழ உருண்டா கீழதான கெடக்கும்" என்பாள். சைக்கிளில் புளிசோத்துக் குண்டானும் கரும்பும். நாங்கள் தள்ளிக்கொண்டு நடப்போம். கிண்டி தாண்டி, கத்திப்பாரா ரவுண்டானாவைச் சுற்றி. இன்றைக்கு அந்த மேம்பாலத்துக்குக் கீழே ஒரு குண்டானோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாண்டட்டும் பார்க்கலாம், அதற்கு வரைபடம் போட்டவர்கள். மனுஷனுக்கு ரெண்டு கால் இருப்பதே அவர்கள் கணக்கில் இல்லை.

படி ஏறி உச்சிக்குப் போய், அஞ்சு வீடும் வந்துசேரும் வரைக்கும் குண்டானைத் திறக்கக்கூடாது. கட்டம் போட்ட சட்டை, கட்டம் போட்ட பாவாடை, கட்டம் போட்ட டவுசர். உச்சியில் இருக்கிற மாதா கோயில் வாசலில் ஒரு கன்னியாஸ்திரி, "எந்த ஹாஸ்டல் பிள்ளைங்க?" என்று கேட்டார். "ஆத்தங்கரை ஹாஸ்டல்மா, வார்டன் நான்தான்" என்றார் பாண்டு மாமா. விமானம் மரத்தை உரசுகிற மாதிரி இறங்கும். "டேய், உள்ள கீறவன் கையாட்றான் பாரு" என்று ஒரு பையன் கத்துவான். உடனே மேரியக்கா, "ஆமா, ஒன் மாமன் மவன். எறங்கி வந்து சோறு துன்னச் சொல்லு" என்பாள்.

அந்த வரிசையைத்தான் இடித்தார்கள்.

ஆறு எல்லாருக்கும் சொந்தம், நீங்கள் இருப்பது ஆபத்து என்றார்கள். வெள்ளம் வந்தால் ஆபத்துதான், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் அஞ்சு வீடும் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கே போட்டாலும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். "எல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம், வண்டியில ஏறுங்க" என்றார் வந்த அதிகாரி. வீட்டுக்கு ஒரு லாரி வந்து நின்றது. மேரியக்காவுக்கு அவர் பேச்சில் நம்பிக்கை இல்லை. "ஆளுக்கொரு லாரில போனா ஆளுக்கொரு எடத்துல தள்ளிடுவான். ஒரே லாரில ஏத்துங்கடா. ஒரே லாரில போனா ஒரே எடத்துலதான எறக்கணும்?" என்றாள்.

எங்களுக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. அஞ்சு வீட்டுச் சாமானையும் ஒரே லாரியில் ஏற்றினோம். மிஷின், இஸ்திரிப் பெட்டி, ஏணி, பூக்கூடை, எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சைக்கிள். மற்ற நாலு லாரியையும் திருப்பி அனுப்பிவிட்டோம்.

இங்கே, இந்த பிளாக்குக்கு வந்து இறங்கியதும் ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு சாவி.

"லாரி எண்ணித்தாம்மா வீடு. ஒரு லாரி, ஒரு குடும்பம்."

"சார், இதுல அஞ்சு குடும்பம் கீது சார்" என்றாள் மேரியக்கா.

"அப்போ மீதி நாலு லாரி எங்க?"

"நாங்கதான் சார் வாணாம்னு அனுப்புனோம். ஒண்ணா வரணும்னு."

"உங்க லாரி வந்ததும் வாங்க."

"எங்க லாரி இதாங்க சார்!"

"இது அவங்க லாரிம்மா" என்று என்னைக் காட்டினார்.

எங்க அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து வந்ததால் லாரி எங்களுடையதாம். ஒரு அறை, ஒரு சமையல் இடம். அதில் அஞ்சு குடும்பம். பெண்கள் உள்ளே, ஆண்கள் நடையில். "ஒண்ணா இருக்கணும்னு கேட்டீங்கல்ல? குடுத்துட்டான் பாரு, ஒரேயடியா ஒண்ணா" என்று பாண்டு மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. சிரிக்கிற விஷயமா அது?

அலைந்து அலைந்து ஒவ்வொன்றாகச் சாவி வந்தது. பாண்டு மாமாவுக்குக் கடைசி பிளாக். இஸ்திரிக்காரருக்கு மூணாவது மாடி; இஸ்திரி வண்டியை எங்கே நிறுத்துவார்? தொழிலை விட்டு வாட்ச்மேன் ஆனார். மேரியக்காவுக்கு வேறு காலனியே. முதல் ஞாயிற்றுக்கிழமை சட்டப்படி சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லாக் கதவையும் தட்டக் கிளம்பினேன். மேரியக்கா வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. "கடைக்குப் போறேன்கா, இன்னா வேணும்?" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "இங்க கடை எங்கடா கீது? பூவ வாங்க ஆளுதான் எங்க கீது? போடா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் அழுதது எனக்குக் கேட்டது.

"வீடு குடுத்தாங்கல்ல, அப்புறம் இன்னா?" என்று பட்டறையில் என்கூட வேலை செய்கிறவர்களே இன்னமும் கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு நான் ரஹீம் பாயைச் சொல்வேன்.

அவருக்கு மட்டும் சாவி வரவே இல்லை. எங்கள் நடையில் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வழியை அடைக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சண்டை போட்டார்கள். மேசைக்குப் போவார், "லாரி?" என்பார்கள், திரும்பி வருவார். ஒரு நாள் விடியற்காலை கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் பாய். சைக்கிள் கேரியரில் மிஷினைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம் பையோடு நின்றார்.

"கடைக்குப் போறேன் நைனா, இன்னா வேணும்?" என்றார்.

"வந்துடுங்க பாய்" என்றேன். தலையை ஆட்டினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எங்களில் யாரும் அந்தச் சைக்கிளைப் பற்றி அதற்கப்புறம் பேசியதில்லை.

வாரங்கள் கழித்து மேசையில் போய்க் கேட்டேன். புது ஆள் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பேர்ல இங்க யாருமே வரலியே" என்றார்.

நேற்று பட்டறையிலிருந்து நேராக தி.நகர் போனேன். பாய் உயிரோடு இருந்தால் எங்கேயாவது தைத்துக்கொண்டுதான் இருப்பார், தைத்தால் பட்டன் வாங்கத்தான் வேண்டும், அந்தச் சந்துக் கடையில் கேட்டால் தெரியும் என்று ஒரு நினைப்பு. இத்தனை வருஷம் ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள், தெரியவில்லை. ரங்கநாதன் தெருவில் அந்தச் சந்தே இல்லை. ரெண்டு சுவரையும் சேர்த்துக் கட்டிய, மாடி மேல் மாடியாக ஒரு துணிக்கடை. வாசலில் என் டிபன் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். யூனிபார்ம் போட்ட ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"பட்டன் கடையா? அப்டி எதுவும் இங்க இல்லயே சார். ரெடிமேட் சட்டை மூணாவது மாடி."

அந்தப் பெண் மேல் தப்பில்லை. நல்லபடியாகத்தான் சொன்னாள். வெளியே வந்து தெரு நடுவில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று உங்களுக்கு எழுத முடியாது. ஜனங்கள் பைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைச் சுற்றி விலகிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.