மூணு தடவை அம்மா

டம்ளரை ஒரு தடவை அலசிக் கொட்டுகிறார். இன்னொரு தடவை. பிறகு மூன்றாவது தடவை. அதுவரை டீக்கடைக்காரர் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டியதுதான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். "சத்தியமா கழுவின டம்ளர்தாம்மா" என்கிறார் கடைக்காரர். "நீ கழுவினே, சரி. நான் இன்னும் கழுவலையே" என்று டம்ளரை நீட்டுகிறார் அந்த அம்மா.

அலுவலகத்தில் அவருக்கு 'மூணு தடவை' என்றே பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது; அது அந்தப் பதிவேட்டோடு சரி. வீட்டிலும் இதே கதைதான். "அத்தை, இந்தத் தட்டு தேய்ஞ்சு சல்லடையாப் போகுது பாருங்க" என்பாள் மருமகள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கணவருக்கு வாய் இன்னும் நீளம். "இவ கையில குழந்தையக் குடுத்தாக்கூட மூணு தடவ அலசிட்டுத்தான் கொஞ்சுவா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

அம்மாவின் வேலை தண்ணீர் எடுப்பது. குடத்தில் இல்லை, பாட்டிலில். ஊரை ஒட்டிய ஏரி இரண்டு நாடுகளுக்குப் பொது. இந்தக் கரை நமது, அந்தக் கரை அவர்களது, நடுவில் ஆரஞ்சு நிற மிதவைகள் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கும். இரண்டு கரைக்காரர்களும் குடிப்பது இதே தண்ணீரைத்தான் என்பதால், கெட்டுப் போகிறதா என்று சேர்ந்தே பார்த்துக்கொள்வதென்று ஓர் ஒப்பந்தம். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நடு மிதவைக்கு இரண்டு படகுகளும் வந்து சேர வேண்டும். கயிற்றில் கட்டிய எஃகுப் பாத்திரம் ஒன்றை இறக்கித் தண்ணீரை மொண்டு, அதையே இரண்டு பேர் பாட்டில்களிலும் ஊற்ற வேண்டும். அவரவர் கரையில் அவரவர் சோதனைக்கூடம். இரண்டு வாரம் கழித்து இரு நாட்டுக் கூட்டுக் குழு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். ஒத்துப் போனால் இரண்டு நாட்டுக் கையெழுத்தும் விழும். ஒத்துப் போகாவிட்டால் கடிதம் பறக்கும்.

எந்தத் தண்ணீரை எடுக்கிறோமோ அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று தடவை அலசிவிட்டுப் பிறகு நிரப்ப வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அம்மாவுக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். மூளை வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருந்தாலும் மணிக்கட்டு தானாகச் சுழலும். ஏரிக்குப் போகிற நாளில் முகத்தில் பவுடர் கிடையாது, கையில் எண்ணெய்ப் பசை கிடையாது. படகு எஞ்சின்காரர் வேலை நேரத்தில் பீடியைத் தொட்டால் தொலைந்தார். "உன் சாம்பல் பாட்டிலுக்குள்ள விழுந்தா ரெண்டு நாட்டுக்கும் சண்டை வரும்யா, தெரியுமா?" என்று போடுகிற போட்டில் மனிதர் பீடியைக் காதில் செருகிக்கொள்வார்.

எதிர்ப் படகில் வருகிறவர் அம்மாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஒல்லி, துணித் தொப்பி, பேச்சு மட்டு. அக்கரையிலும் இதே மொழிதான் என்றாலும் பதினொரு வருடத்தில் அவர்கள் பேசியதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். "காத்து எப்படிண்ணே?" "பரவாயில்லம்மா." "ஊத்தட்டுமா?" "ஊத்துங்க." ஒரு மிட்டாய்கூடக் கைமாறக் கூடாது என்பது விதி. மாறியதும் இல்லை. ஆனால் அவர் பாட்டில் மூடியைக் கழற்றினால் எங்கேயும் கீழே வைக்க மாட்டார், உள்ளங்கையில் கவிழ்த்தே வைத்திருப்பார் என்பதை அம்மா முதல் நாளே கவனித்துவிட்டார். அதற்கு மேல் ஒரு மனிதரைப் பற்றி அவருக்கு என்ன தெரிய வேண்டும்?

போன வெயில் காலத்தில் எண்கள் இடித்தன. ஈயம் எவ்வளவு என்று பார்த்ததில் அக்கரைக் கணக்கு நம் கணக்கைப்போல் நான்கு மடங்கு. நம் கரையில் ஒரு பேட்டரி ஆலை இருக்கிறது. அதன் வடிகாலைப் பற்றி அவர்கள் ரொம்ப நாளாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தீங்களா, நம்ம தண்ணி சுத்தம். அவங்க ஆளுதான் எதையோ கலந்திருக்கான்" என்று அன்றைக்கே கடிதம் எழுதினார். அந்த ஆளை மாற்றும்வரை கூட்டுச் சோதனைக்கு வர மாட்டோம் என்று கடைசியில் ஒரு வரி வேறு. பத்து நாளில் எஞ்சின்காரர் சேதி கொண்டு வந்தார். அக்கரைக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரிக்கிறார்களாம். வீட்டைவிட்டு வெளியே தலைகாட்டுவதில்லையாம்.

"அவரா? அவரா கலப்பாரு? மூடியக்கூடக் கீழ வைக்காத மனுஷன்யா!" என்றார் அம்மா. அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் இதையே சொன்னார்.

மறுநாள் காலை சாமான் அறையில் உட்கார்ந்து மீதிப் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஈயம் பார்க்கிற பாட்டிலில் மட்டும் சில சொட்டு அமிலம் விட வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சோதனையில் தெரியாது. எப்போதும் நிரப்பிய பிறகு அவரேதான் விடுவார். போன தடவை, "எல்லாம் தயாரா வருது, நீங்க எதுவும் விட வேணாம்" என்று தலைமையகம் புதுப் பெட்டி அனுப்பியிருந்தது. அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றைத் திறந்தார். கையில் சொட்டிய துளி, விரலில் இருந்த கீறலில் சுரீர் என்று எரிந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். எறும்பு எழுத்தில் போட்டிருந்தது: உள்ளே அமிலம் உள்ளது. அலச வேண்டாம்.

அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஏரி நடுவில், சாரல் அடிக்கிறதென்று கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, அந்தப் பாட்டிலை மூன்று தடவை அலசிக் கொட்டியது இந்தக் கைதான். அமிலம் அத்தனையும் ஏரியோடு போயிருக்கும். அக்கரை எண் சரி, தன் எண்தான் தப்பு.

அன்று சாயங்காலம் சோறு இறங்கவில்லை. கணவர் வழக்கம்போலத் தட்டைப் பார்த்துக் கிண்டலை ஆரம்பிக்க, "போதும் நிறுத்துங்க!" என்று கத்திவிட்டு அழுதார். பிறகு நடந்ததைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மருமகள்தான் மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு வெட்கமா இருக்கா அத்தை, பயமா இருக்கா?"

"ரெண்டும்தான்டி. பச்சப் புள்ளைங்ககூட சீட்டைப் படிக்குதுங்க. நான் படிக்கலையே."

மறுநாள் அதிகாரி முன்னால் போய் நின்றார். கையில் அந்தப் பாட்டில், கூடவே எழுதிய தாள். அதிகாரி படித்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"இதை யாராவது உங்களைக் கேட்டாங்களாம்மா?"

"இல்ல சார்."

"ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. இதுவரைக்கும் ஒரு மெமோ வாங்கினது இல்ல. பேசாம இருந்தா என்ன?"

"பேசாமத்தான் இருந்திருப்பேன் சார், அவரை வீட்ல உக்கார வைக்காம இருந்திருந்தா. நான் செஞ்ச தப்புக்கு அவரு எதுக்கு முகத்த மறைச்சிக்கிட்டுத் திரியணும்?"

"நம்ம ஆபீசுக்குல்ல கெட்ட பேரு?"

"கெட்ட பேர எனக்கே குடுத்துடுங்க. அதான் அதுல எழுதிருக்கேன். நீங்க வாங்கிக்கலைன்னா நேரா கூட்டுக் குழுவுக்கே தபால்ல போடுவேன். மூணு காப்பி எழுதி வெச்சிருக்கேன்."

மூன்று பிரதி எழுதக்கூடியவர்தான் என்பது அதிகாரிக்குத் தெரியும். வாங்கிக்கொண்டார். மெமோ வந்தது, அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஆபீசில் சிலர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். "நம்ம கரைக்கே குழி பறிச்சுட்டாங்க" என்று அவர் காதுபடவே ஒருவர் சொன்னார். அக்கரைக்காரரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதே இடம், அதே இரண்டு பேர், அதே மாதிரி பாட்டில், மீண்டும் எடுத்துப் பாருங்கள் என்று கூட்டுக் குழு உத்தரவு போட்டது. அந்த எண்கள் ஒத்துப் போனதும், இரண்டு கரை ஆட்களும் சேர்ந்து பேட்டரி ஆலை வடிகாலில் போய் நின்றதும் பிற்பாடு நடந்தவை.

மறுபடி எடுக்க வேண்டிய செவ்வாய்க்கிழமை மிதவை அருகே படகுகள் ஒன்றையொன்று தொட்டு நின்றன. துணித் தொப்பிக்காரர் இளைத்துப் போயிருந்தார்.

"காத்து எப்படிண்ணே?"

"பரவாயில்லம்மா" என்றார் அவர். தொப்பியைச் சரி செய்துகொண்டு, "இப்பப் பரவாயில்ல" என்றார்.

மற்ற பாட்டில்களை வழக்கம்போல மூன்று தடவை அலசி நிரப்பினார்கள். கடைசியில் அமிலப் பாட்டிலின் முறை. கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. சீட்டை வாய்விட்டே படித்தார். மூடியைக் கழற்றினார். ஆனாலும் அந்த மணிக்கட்டு, பாழாய்ப்போன மணிக்கட்டு, தண்ணீர்ப் பக்கமாகத் தானே சாயத் தொடங்கிவிட்டது. எஞ்சின்காரர் "அம்மா!" என்று பதறினார். எதிர்ப் படகில் அவர் பாத்திரத்தைத் தூக்கியபடி அசையாமல் நின்றார்.

அம்மா பாட்டிலை இடது கைக்கு மாற்றினார். வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். பிறகு இடது கையை எதிர்ப் படகை நோக்கி நீட்டினார்.

"ஊத்துங்கண்ணே."