கம்பிவடத்தைப் பிடித்தவன்

என் தம்பி லயல், ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றில், கரைக்குக் கரை கட்டிய கம்பிவடத்தைப் பற்றிக்கொண்டு வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்க்கும் கம்பிவடப் படகை ஓட்டியே ஓய்வுபெற்றவன். இக்கரை, அக்கரை, அவ்வளவுதான். ஆற்றோடு ஒரு வளைவு தாண்டிப் போனதில்லை. அதனால் ஒரு வாரம் படகு வீடு எடுத்து, சும்மா மிதந்துபோக நான்தான் எல்லாம் ஏற்பாடு செய்தேன்.

ஒரு குளிர்காலத்தில் எங்கள் ஊர் ஹேசல் கைபிரேக் போட மறந்ததில், அவள் பிக்கப் வண்டி அவளோடு படகிலிருந்து உருண்டு ஆற்றில் விழுந்தது. லயல் குதித்து அவளை வெளியே இழுத்தான். 'மீன் மாதிரிப் பாய்ந்தான்' என்று நான் சொல்லாத ஆள் ஊரில் இல்லை.

பயணத்துக்காகச் சமையலறையில் உட்கார்ந்து சாசேஜ், டப்பா பீட்ரூட், கொசு மருந்து என்று எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன்.

"லைஃப் ஜாக்கெட் தருவாங்களா?" என்றான் லயல்.

"உனக்கெதுக்குடா? மீனுக்கு யாராவது குடை பிடிப்பாங்களா?"

அவன் சிரிக்கவில்லை. "நான் வரல, நொரீன். எனக்கு நீச்சல் தெரியாது."

என் கோப்பை சாய்ந்து டீ மேசையெல்லாம் ஓடியது.

"அப்போ ஹேசலை எப்படிடா?"

"கம்பிவடம் தண்ணிக்குள்ளதானே போகுது? அதைப் பிடிச்சுக்கிட்டே கைமாத்திக் கைமாத்திப் போனேன். வண்டி அதுமேல சாஞ்சு கிடந்துச்சு. இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிடந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம்."

"பாவி! இத்தனை வருஷம் தண்ணியிலேயே நின்னியேடா!"

"தண்ணி மேலதானே நின்னேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீதான் மூச்சுவிடாம மீன் கதை சொல்லிக்கிட்டிருந்தியே. நடுவுல எங்க நுழையறது?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் இருட்டுத் தண்ணீரும் கம்பியில் இரண்டு கைகளும். நீந்தத் தெரிந்தவன் குதித்தான் என்றல்லவா இத்தனை நாள் பெருமைப்பட்டேன்!

காலையில் கடையில் ஹேசலைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உருளைக்கிழங்கு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் பையோடு எங்கள் வாசலில் நின்றாள். "நானும் வரேன். எனக்கு நல்லா நீந்தத் தெரியும். அன்னிக்கு வண்டிக் கதவு திறக்கல, அவ்வளவுதான். முதல் நாள் மணல்திட்டுப் பக்கம் நிறுத்துங்க, இடுப்பளவுதான் ஆழம். இவனைத் தண்ணியில இறக்கி நீச்சல் பழக்குறது என் வேலை."

லயல் அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வரேன்," என்றான். "ஆனா படகைக் கரையில கட்டுறது நான்தான். இவ கைபிரேக் போட்ட லட்சணம் எனக்குத் தெரியும்."