அஞ்சடி அஞ்சங்குலம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மொத்தம் ஏழு கூட்டம். அதில் ஆறு கூட்டம் வேண்டாம் என்று எழுதிவிட்டது. ஆறுக்கும் காரணம் ஒன்றுதான்: பெண் உயரம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். படிப்பில் பொய் சொல்லலாம், வயதில் சொல்லலாம், சமையலில் தாராளமாகச் சொல்லலாம். அஞ்சடி அஞ்சங்குலத்தை எந்தப் பொய்யால் மூடுவது? அம்மா முயன்று பார்த்தாள். கொஞ்சம் கூனி நடக்கச் சொன்னாள். காபித் தட்டை ஏந்திக்கொண்டு, முழங்காலை மடக்கி, தலையைத் தொங்கப் போட்டு, தரையைப் பார்த்தபடி நான் கூடத்துக்கு வருவேன். அப்படியும் யாராவது ஒரு அத்தைக்காரி, "கொஞ்சம் நிமுந்து நில்லும்மா" என்பாள். அதோடு சரி.

சுதந்திரம் வந்த மறுவருஷம். எனக்கு இருபது வயது. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. எங்கள் நைனா அரக்கோணத்தில் ரயில்வே ஃபிட்டர். காலைப் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புவார். முதல் வகுப்பில் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் பேப்பர் ஏதாவது கிடைத்தால் கொண்டுவருவார். முதலில் நான் படிப்பேன், பிறகு அம்மா அடுப்புப் பற்றவைப்பாள்.

அப்படி வந்த பேப்பர் ஒன்றில்தான் அந்த விளம்பரம் இருந்தது. ஒரு விமானக் கம்பெனிக்குப் பெண்கள் வேண்டுமாம். விமானத்தில் வருகிறவர்களை உட்காரவைத்து, காபி, டீ கொடுத்து, தலை சுற்றினால் கவனித்து, பத்திரமாக இறக்கிவிடும் வேலை. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. இங்கிலீஷும் ஹிந்துஸ்தானியும் பேச வேண்டும். முதலுதவி தெரிந்திருந்தால் நல்லது. கடைசி வரி: உயரம் ஐந்தடி இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அந்த வரியை நாலு தரம் படித்தேன். குறையக் கூடாதாம்! முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகை வந்தது. பேப்பர் அடுப்புக்குப் போவதற்குள் அந்தத் துண்டைக் கிழித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் இருந்தவள் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. அவள் புருஷன் லாரி மெக்கானிக். வீட்டில் அவர்கள் பேசுவது ஹிந்துஸ்தானி. அவளிடம் மட்டும் சொன்னேன்.

"ஏரோப்ளேன்லயா? நீயா? ராட்டினத்துல ஏத்துனாலே கண்ண மூடிக்குவியேடி" என்றாள்.

"கண்ண தொறந்துகினே ஏறக் கத்துக்கறேன். நீ ஹிந்துஸ்தானி சொல்லிக் குடுப்பியா, மாட்டியா?"

அவள் கற்றுக்கொடுத்த விதமே தனி. கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, கோபக்காரப் பிரயாணியாக மாறிவிடுவாள். தண்ணீர் சூடாக இருக்கிறது, டீ ஆறிவிட்டது, ஜன்னல் வழியே வெயில் அடிக்கிறது, பக்கத்து ஆள் குறட்டை விடுகிறான் என்று ஹிந்துஸ்தானியில் என்னை வாங்கு வாங்கென்று வாங்குவாள். நான் சிரித்த முகத்தோடு மன்னிப்புக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். சிரிப்பு மாறினால் மறுபடி முதலிலிருந்து. அந்த பாஷையில் இன்றைக்கும் எனக்குச் சரளமாக வருவது மன்னிப்புத்தான்.

விண்ணப்பப் பாரம் கேட்டு அவள் வீட்டு விலாசம் கொடுத்து எழுதினேன். பத்தே நாளில் நாலு பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. உடம்பின் எடை எழுத வேண்டும். எங்கள் ஊரில் ஆளை நிறுக்க ஏது தராசு? இருவரும் ஸ்டேஷன் பார்சல் ஆபீசுக்குப் போய், மூட்டை நிறுக்கிற தராசில் ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்டோம். "எந்த ஊருக்கு புக் பண்ணணும்?" என்றார் குமாஸ்தா. மெட்ராஸ் என்றேன். நூற்றுப் பன்னிரண்டு ராத்தல் வந்தது. "ஒடையற சாமானா?" என்று கேட்டார். "இல்லீங்க, இதுவரைக்கும் ஒடையல" என்றாள் சிநேகிதி.

முழு உருவப் போட்டோவும் ஒட்ட வேண்டும். அதற்கு அம்மாவே வழிசெய்தாள். ஏழாவது ஜாதகம் பள்ளிப்பட்டிலிருந்து பொருந்தி வந்திருந்தது. நூல் வியாபாரம், சொந்தத் தறிகள், பெரிய குடும்பம். போட்டோ கேட்டிருந்தார்கள். அரக்கோணத்தில் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், "நாற்காலில ஒக்காரு" என்றாள் அம்மா. உட்கார்ந்தால் உயரம் தெரியாதல்லவா? நான் நிற்பேன் என்றேன். போட்டோக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "நின்னா பொடவ நல்லா விழும்மா" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார். ஒரு பிரதி போதும் என்ற அம்மாவிடம், தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று சொல்லி இரண்டு போடவைத்தேன். ஒன்று பள்ளிப்பட்டுக்குப் போனது. இன்னொன்று பாரத்தில் ஏறியது.

மிச்சமிருந்தது கைப்பழக்கம். ஆடுகிற விமானத்தில் சிந்தாமல் தட்டேந்த வேண்டுமே. சிநேகிதியின் புருஷன் யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலம் விட்டபோது வாங்கிப்போட்ட அலுமினியத் தட்டு ஒன்று அவள் வீட்டில் கிடந்தது. அதில் நாலு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "இப்பவாவது புத்தி வந்துச்சே, முருகா" என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். பள்ளிப்பட்டாருக்காகத்தான் பழகுகிறேன் என்று நினைத்துவிட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுத் தரை ஆடாது. அதற்கு ரயில்தான் சரி. சிநேகிதி அரக்கோணத்திலிருந்த தாய்வீட்டுக்குப் போகும்போது துணைக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்புவேன். பெண்கள் பெட்டியில் ஏறி, கூஜாத் தண்ணீரை டம்ளர்களில் ஊற்றி, அவள் ஒரு மூலையில் உட்கார, நான் மறு மூலையிலிருந்து நடப்பேன். முதல் நாள் தண்டவாளம் மாறுகிற பாயிண்டில் வண்டி ஒரு வெட்டு வெட்டியது. நாலு டம்ளரும் ஒரு கீரைக்காரம்மா மடியில். அவர் புடவையைப் பிழிந்துகொண்டே, "மோரா, தண்ணியாம்மா? மோருன்னா காசு கேப்பியே" என்றார். தண்ணீர்தான், சும்மா குடிக்கலாம் என்றேன். அவ்வளவுதான், பெட்டி முழுக்கக் கை நீட்டியது. பூக்கூடைக்காரிகள், பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள், மொட்டையடித்த குழந்தைகளோடு மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். மூன்றாம் நாள் எனக்காகவே அந்தப் பெட்டி தேடி ஏறினார்கள். கீரைக்காரம்மா எனக்குப் பாடமே நடத்தினார். "கால அகட்டி வெச்சிக்கோ. டம்ளர பாக்காத, ஆள பாரு. கூடைய தலைல வெச்சிகினு நான் கூடைய பாத்துகினா நடக்கறேன்?" பின்னாளில் ஹைதராபாத்துக்கு மேலே மழை மேகத்தில் விமானம் தூக்கித் தூக்கிப் போட்டபோது, ஆளைப் பார்த்து நடந்துதான் பிழைத்தேன்.

ஒரே ஒரு கட்டம் மட்டும் பாரத்தில் காலியாக இருந்தது. இருபத்தொரு வயது ஆகாதவள் என்பதால் தகப்பனார் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நைனாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாளை, நாளை என்று தள்ளினேன். பாரம் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் சனிக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டார் வந்தார்கள்.

எப்படியும் வேண்டாமென்று எழுதப் போகிறவர்கள்தானே, ஒத்திகைக்காவது ஆகட்டும் என்று நினைத்தேன். கூனவில்லை. நிமிர்ந்து நடந்தேன். பெரியவர்களில் தொடங்கி, ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்து, சர்க்கரை போதுமா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டுச் சிரித்த முகமாகக் கொடுத்தேன். ஒரு தாத்தாவுக்குப் பஜ்ஜி புரையேறியது. முன்னே குனியவைத்து, முதுகில் தட்டி, அவர் சமாளித்த பிறகு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். பையன் என்னைவிட ஒரு விரற்கடை உயரம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய அம்மா நைனா பக்கம் திரும்பி, "எங்க வூட்ல தறிக்காரங்களோட சேத்து ஒரு வேளைக்கு பதினெட்டு எல விழும்ங்க. இந்தப் பொண்ணு ஒருத்தி போதும், சமையக்காரிய நிறுத்திடலாம்" என்றாள். நைனா சிரித்தமாதிரி தலையாட்டினார்.

புதன்கிழமை கடிதாசி வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். பெண்ணைப் பிடித்திருக்கிறது, தேதி குறிக்கலாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான் நடந்தது. விமானத்துக்காக நான் பழகிய பழக்கமெல்லாம் என்னைப் பள்ளிப்பட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டது. 

சாயங்காலம் நைனா வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் அம்மா அந்தக் கடிதாசியை அவர் கையில் வைத்தாள். நான் உள்ளே போய்ப் பாரத்தை எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"இது இன்னா?"

சொன்னேன். விக்கி விக்கித்தான் சொன்னேன், ஆனால் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஊரு சிரிக்கும்டி. கண்டவங்களுக்கும் காபி ஊத்தறது ஒரு வேலையா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "இதுவரைக்கும் ஏழு கூட்டத்துக்கு ஊத்தனேனே, அவங்கள்லாம் கண்டவங்க இல்லியா? குடிச்சிட்டு, என் ஒயரத்த அளந்துட்டுப் போனாங்க. ஒருத்தராவது எனக்குப் புடிச்சிருக்கான்னு கேட்டாங்களா? நீ கேட்டியா? இவங்க சம்பளமும் குடுத்து, ஒயரமாவும் இருன்றாங்க."

அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தார். ரயில்வேயில் பாரங்களோடு பழகியவர். ஒரு கட்டத்தையும் விடவில்லை. உயரம் என்ற கட்டத்தில் விரல் நின்றது.

"அஞ்சடி ரெண்டு இருந்தா போதுமா?"

"ஆங், நைனா."

"உனக்கு மூணு அங்குலம் ஜாஸ்தியாவே கீது." அந்தக் கட்டத்தை இன்னொரு தரம் படித்தார். பிறகு, "அது கீழ விழுந்துட்டா இன்னா பண்றது?" என்றார்.

"நீங்க வேல செய்யற ரயிலுந்தான் கவுருது."

"அது சரி" என்றார். "பையன் நல்லவனாத்தான் தெரியறான்."

"நல்லவன்தான் நைனா. நான் அவன குத்தமே சொல்லல. ஆனா அந்த வூட்டுக்கு மருமக வேணாம், சமையக்காரிதான் வேணும். உங்க காது கேக்கத்தான சொன்னாங்க?"

அவர் பள்ளிப்பட்டுக் கடிதாசியை மடித்து ஓரமாக வைத்தார். மைப் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். வேலைப் பதிவேட்டில் போடுகிற மாதிரி, நிறுத்தி நிதானமாகத் தன் முழுப்பெயரையும் அந்தக் காலிக் கட்டத்தில் எழுதினார். "காலைல நானே அரக்கோணத்துல மெயில்ல சேத்துடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள போயிடும்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை, உட்கார்ந்து அழுதேன்.

"அழுதுகினே ஒரு கார்டு எடு. பள்ளிப்பட்டுக்கும் எழுதணுமில்ல" என்றார் நைனா. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். க்ஷேமம், தங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும், கடிதம் கிடைத்தது, மிகவும் சந்தோஷம். அதற்கு மேல் அவருக்கு ஓடவில்லை. ஆறு தரம் வேண்டாமென்ற கடிதாசி அவருக்கு வந்திருக்கிறது. ஒன்றுகூட அவர் எழுதியதில்லை.

"வூட்ல பெரியவங்களுக்கு இஷ்டப்படலன்னு போட்றலாமா?" என்றார்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பெரியவங்க எதுக்கு? பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு எழுதச் சொல்லுங்க."

நைனா என்னைப் பார்த்தார். நான் அப்படியே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டு, பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினேன்.